விம்மல்களை எண்ணுகிறவள்

பிர்ஷாய் ஊர்ப் பள்ளியில் ஒரு பியானோ.
எண்பத்தெட்டுக் கட்டைகளில் ஆறு ஊமை,
மீதியெல்லாம் ஆளுக்கொரு நியாயம் பேசின.
மார்ச் மாதம். ஜன்னலுக்கு வெளியே
உறைந்த ஏரியின்மேல் யாரோ ஒருவர்
முக்காலி போட்டு மீனுக்குக் காத்திருந்தார்.
உள்ளே நானும் முக்காலி போட்டுக் காத்திருந்தேன்,
தந்திகள் சண்டையை நிறுத்துவதற்கு.

என் தொழில் அதுதான்.
ஒரே சுரத்துக்கு மூன்று தந்தி.
மயிரிழை பிசகினாலும் விம்மும்,
பூட்டிய அறைக்குள் யாரோ
வாய்பொத்தி அழுவதுபோல.
சாவியைத் திருகத் திருக
அழுகை நீண்டு, தேய்ந்து,
இல்லாமல் போகும்.
ஹமாமட்சுவின் பியானோத் தொழிற்சாலையில்
பத்தொன்பது வயதில் கற்றது.
அன்றிலிருந்து எந்த விம்மலைக் கேட்டாலும்
கடைவாய்ப் பல் கூசுகிறது.

மாலையில் எய்முதேயும் கின்விலேயும் வந்தார்கள்.
ஒருத்தி மருந்துக்கடைக்காரி.
மற்றவள் பள்ளிச் சமையலறையில்
பீட்ரூட் தோல் சீவுகிறவள், விரல்நுனியெல்லாம் சிவப்பு.
செவ்வாய்க்கிழமைகளில் இந்த அறை அவர்களுடையதாம்.
"நீங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார்கள்.
கை நீட்டினால் தொடும் தூரத்தில்
எதிரெதிரே நின்று
பாடினார்கள்.

ஒருத்தி நின்ற சுரத்துக்கு
அடுத்த வீட்டுச் சுரத்தில் மற்றவள்.
நடுவே சுவரே இல்லாத அடுத்த வீடு.
இவள் சொல்லை முடிக்குமுன் அவள் தொடங்கினாள்,
இடித்தார்கள், விலகவில்லை, மறுபடி இடித்தார்கள்.
என் கை தானாகவே சாவியைத் தேடியது.
யாரைத் திருகுவது?

"இதில் தப்பு என்றால் எது?" என்று கேட்டேன்.
"ஒன்றாகிவிடுவது" என்றாள் கின்விலே.
"அவள் குரல் என்னை இழுக்கும்.
போய்ச் சேர்ந்துவிட்டால் சுகம்தான்.
சேரக் கூடாது.
பாதிப் பாட்டுக்குமேல் என் குரல் எனக்கே கேட்காது.
நடுவில் ஒன்று கேட்கும்,
அது எங்கள் இருவருடையதும் இல்லை."
இந்தப் பாட்டின் பெயருக்கு
ஒத்துப்போவது என்று அர்த்தமாம்.
சிரிக்காமல் சொன்னாள் எய்முதே.

என்னை நடுவில் நிறுத்தினார்கள்.
பழக்கம், எண்ணத் தொடங்கினேன்.
நொடிக்கு இருபதா, இருபத்தைந்தா,
பிறகு எண் கையை விட்டுப் போனது.
மார்பெலும்பில் மணி ஒன்று.
கூசவில்லை என்று சொல்ல மாட்டேன், கூசியது.
உமே ஊறுகாய்க்குக் கூசுகிற பல்லே
இன்னொன்று கேட்குமே, அப்படி.

அப்போதுதான் ஹொரிகோமி ஞாபகம் வந்தார்.
ஹமாமட்சுவில் என் அறைச் சுவருக்கு அப்பால்
ஷாமிசென் வாசித்த தபால்காரர்.
தடித்த தந்தி மரத்தை உரசி
வண்டு அடைத்த டப்பாபோல இரையும்.
எனக்குச் சான்றிதழ் வந்த வாரம், கேட்காமலே போய்,
தாள் ஒன்றை நான்காக மடித்துத்
தந்திக்கடியில் செருகி, இரைச்சலை நிறுத்திக் கொடுத்தேன்.
இடுப்பு வளைய நன்றி சொன்னார்.
ஒரு பேரிக்காயும் தந்தார்.
மறுநாள் காலை சுவர் மறுபடி இரைந்தது.
பாவம், காது மந்தம்
என்று நினைத்துக்கொண்டேன்.
இருபத்திரண்டு வருடம் அப்படியே நினைத்திருந்தேன்.

பியானோவைச் சரியாகவே சுருதி சேர்த்தேன்.
அதற்குத்தான் கூலி.
ஊமைக் கட்டைகள் ஆறில் நான்கு பேசின.

வில்னியஸ் திரும்பும் பேருந்தில்
எஞ்சினுக்கு ஒரு சுரம்,
ஜன்னல் கண்ணாடிக்கு அதற்கு அடுத்தது.
நான் கண்ணை மூடியிருந்தேன்.
என் முகத்தில் எதைப் பார்த்தாரோ,
முன்னிருக்கைக்காரர் எழுந்து
டிக்கெட்டை நான்காக மடித்துச்
சட்டத்தில் செருகினார்.
நிசப்தம்.
உட்கார்ந்தபடியே, இடுப்பு வளைய,
நன்றி சொன்னேன்.

அவர் இறங்குவது எந்த ஊரோ.
கிலோமீட்டர் கற்களை
எண்ணத் தொடங்கினேன்.