ஈரமானி

கடலூர் முதுநகரில் பேருந்து ஏறும்போது
கண்டக்டர் கேட்டார்: மடியில என்னம்மா, ரேடியோவா?
நெல்லு பாக்கற மீட்டர் என்றேன்.
குறிஞ்சிப்பாடி வரை கீழே இறக்கவில்லை.
நாற்பத்தியொரு பெண்கள்
செவ்வாய்க்கிழமைதோறும் போட்ட இருபது ரூபாய்
என் முழங்கால்மேல் சதுரமாய் உட்கார்ந்திருந்தது.

போன மாசியில் விருதாம்பாளின் நெல்லுக்கு
ஈரம் இருபது என்றார் பட்டியல் எழுத்தர்.
எதில் பார்த்தீர்கள் என்று கேட்டதற்குப்
பல்லில் கடித்துப் பார்த்தேன் என்றார்.
அந்தப் பல்லுக்குக் கூலி மூட்டைக்கு ஐம்பது.
கொடுத்ததும்
நின்ற இடத்திலேயே பதினேழாகக் காய்ந்தது நெல்.

அன்றிரவு ஒன்பது மணிக்குக் கூட்டம்.
எங்கள் கூட்டம் எப்போதும் ஒன்பது மணிக்குத்தான்,
பால் கறந்து ஊற்றி, உலை இறக்கி,
சாப்பிட்ட தட்டெல்லாம் கவிழ்ந்த பிறகு.
அஞ்சலாட்சி தீர்மான நோட்டில் எழுதினாள்:
நாமே ஒரு பல் வாங்குவது.
அடித்துவிட்டுக் கருவி என்று திருத்தினாள்.
அடித்தது இன்னும் தெரிகிறது.

நான் தலைவி. சம்பளம் கிடையாது.
இருப்பது ஒரு ரப்பர் முத்திரை,
மை காய்ந்தால் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு.
உர லாரியோடு வந்தவர்
கையெழுத்துப் போட ஆம்பிள யாரும் இல்லியா என்றபோது
அதைத்தான் வாயால் ஊதி ஊதிக்
குத்தினேன்.

ஆம்பிளை இருக்கிறார்.
பட்டா அவர் பெயரில், அடங்கல் அவர் பெயரில்.
ராத்திரி பன்றிக் காவலுக்கு
டார்ச்சோடு போகிற கால் மட்டும் என் பெயரில்.
சும்மா அலையிறியே, எவன் குடுக்கறான் உனக்கு என்பார்.
கருவி வாங்கப் போன அன்று
உப்பு ஜாடிக்குக் கீழே நூறு ரூபாய்த் தாள் ஒன்று
மடித்துக் கிடந்தது.
எடுத்துக்கொண்டேன்.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேற்றிரவு, பருவம் இல்லாத பருவத்தில்,
பெருமாள் ஏரிப் பக்கமிருந்து வந்தது மழை.
தார்ரோடு முழுக்க நெல் காய்கிறது.
இருட்டில் பதினொரு பெண்கள், ஏழு தார்ப்பாய்.
யாருடைய குவியல் என்று கேட்க நேரமில்லை,
முதலில் தட்டுப்பட்டதை முதலில் மூடினோம்.
என் குவியல் வளைவுக்கு அப்பால் இருந்தது.
அங்கே போய்ச் சேரும்போது தார்ப்பாய் தீர்ந்திருந்தது.
கொளஞ்சி ஓடிப்போய்
இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனின் மழைக்கோட்டைக் கொண்டுவந்து
அதன் தலையில் போட்டாள்.
நெல் நின்றிருந்தது,
பள்ளிக்கூடம் போகாத பிள்ளை மாதிரி.

இன்று மதியம்வரை வெயிலில் துழாவிவிட்டு
கொள்முதல் நிலையத்து வாசலில்
முக்காலி போட்டுக் கருவியை வைத்தேன்.
ஒரு கைப்பிடி நெல். திருகு இறுகும் மட்டும் திருப்பணும்.
மூன்று முறை பார்த்துச் சராசரி.
விருதாம்பாளுக்குப் பதினாறு புள்ளி எட்டு.
கொளஞ்சிக்குச் சரியாகப் பதினேழு.
எழுத்தர் எழுதிக்கொண்டார். பல்லைக் காட்டவில்லை.

அடுத்தது என்னுடையது.
பதினெட்டு புள்ளி ஆறு.
பதினெட்டு புள்ளி நான்கு.
மூன்றாம் முறை கொஞ்சம் இரங்கும் என்று நினைத்தேன்.
பதினெட்டு புள்ளி ஐந்து.

எழுத்தர் நிமிர்ந்தார், சிரித்தார்.
பதினேழுன்னு எழுதிக்கட்டுமா தலைவியம்மா?
அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது
அதுதான் முதல் தடவை.

வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை.
டிராக்டர் வாடகை போக வர எவ்வளவு என்று
எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.
ஓட்டி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு ஏறி உட்கார்ந்து
வண்டியைப் பின்னால் எடுத்தார்.

அடுத்து யாரு, என்றேன்
உள்ளங்கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு.
கையில் ஈரம் இருந்தால்
கருவி அதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.