காதுகுத்து பேனர்

யானைமலை பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரி பத்து மணிக்கு மேல்தான்
எங்கள் நரசிங்கம் தெருவுக்குத் திருப்பித் தருகிறது.
கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
சுவரில் கை வைக்க முடியவில்லை.
குடத்துத் தண்ணீர் வெதுவெதுக்கிறது.
வெண்டை இலைகள் மதியமே கடை சாத்திவிடுகின்றன.

கோரை மட்டும் பச்சையாக நிற்கிறது.

நாலு நாளைக்கு ஒருமுறை வரும் பஞ்சாயத்துத் தண்ணீரில்
அரிசி களைந்து, பாத்திரம் அலசி,
மிச்சத்தைச் செம்பில் மொண்டுபோய்
கத்தரிக்கு ஒன்று, பீர்க்குக்கு ஒன்று என்று அளந்து ஊற்றினால்
குடிப்பது கோரை.

பிடுங்கினேன். தாள் வந்தது, கிழங்கு தங்கிவிட்டது.
கொத்தினேன். ஒரு கிழங்கு மூன்றானது.
உப்பைக் கரைத்துத் தெளித்ததில் செத்தது துளசி.
மூக்கிரட்டையாவது பரவாயில்லை,
அடுத்த வீட்டு ஜெசிந்தா கால் வீக்கத்துக்கென்று
வேரோடு கொண்டுபோவாள்.
குப்பைமேனிக்குப் பூனை வரும்.
கோரைக்கென்று யாரும் கேட்டைத் திறப்பதில்லை.

கோர்ட்டில் வாய்தா தேதிகளைத் தட்டச்சு செய்பவள் நான்.
முடியாத ஒன்றின் முன்னால் உட்காரத் தெரியும்.
ஆனால் அது சம்பளத்துக்கு.
இது கோடை விடுமுறை.

எதிர்வீட்டு வீரணன் சொன்னார்:
"வெளிச்சம் படாம மூடுங்க, தன்னால அவியும்."
சொன்ன கையோடு மாடியிலிருந்து பேனரும் இறக்கினார்,
பன்னிரண்டுக்கு எட்டு.
நடுவில் மொட்டைத்தலைச் சந்தனத்தோடு யாழினி,
சுற்றிலும் முப்பத்தேழு உறவுக்காரர்கள்,
பாதிப்பேர் கறுப்புக் கண்ணாடியில்.
மேலே தாய்மாமன்,
எல்லோரையும்விட இரண்டு மடங்கு.

முகங்கள் வெயில் காய வேண்டாமென்று
மண்ணைப் பார்க்கக் குப்புற விரித்தேன்.
மூலைக்கு ஒரு செங்கல்.
வெள்ளை முதுகு மட்டும் தெரிந்தது.
"யாரைப் புதைச்சிருக்கீங்க?" என்றாள் ஜெசிந்தா.

பதினைந்து நாள் கழித்து வந்தது காற்று.
அழகர்கோயில் பக்கம் கறுத்ததைப் பார்த்தேன்,
திரும்பினால் கொடிக்கயிற்றில் துணி இல்லை.
ஆலங்கட்டி தகரத்தில் கொட்டிய கொட்டில்
குக்கர் விசில் கேட்காமல் பருப்பு தீய்ந்தது.
பப்பாளி இடுப்போடு ஒடிந்தது.
பீர்க்கம்பந்தல் எழுந்துபோய்
ஜெசிந்தாவின் ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டது.

விடிந்து பார்த்தால்
பேனர் மல்லாந்து கிடக்கிறது, ஒரே ஓட்டை.
அது மூடியிருந்த இடத்தில்
வெளிச்சம் காணாத வெளிறிய மஞ்சளில்
ஊசி ஊசியாகக் கோரை.
அறுந்த தாள்கள் சில ஓட்டைகளில் செருகியபடியே நின்றன.

யாழினிக்குச் சரியாகக் காதில் குத்தியிருந்தது
என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. இரண்டு விரல் தள்ளிக் கன்னத்தில்.
தாய்மாமனுக்கு மீசையில் மூன்று, நெற்றியில் ஒன்று.

பப்பாளியை இழுத்துப்போட வந்த வீரணன்
பேனர் அருகே நின்றுவிட்டார்.
"இவங்கூட நாலு வருசமாப் பேச்சில்லீங்க."
"ஏன்?"
"படத்தைச் சின்னதாப் போட்டுட்டோமாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
குத்தவைத்து உட்கார்ந்து
மச்சான் மீசையிலிருந்து ஒவ்வொரு தாளாக உருவினார்.
நெற்றிச் சேற்றைக் கைலி நுனியால் துடைத்தார்.
கன்னத்தை விட்டுவிட்டார், மறந்திருக்கலாம்.

"மறுபடி விரிக்கட்டுமா?"
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
"வேற பேனர் தரேன்" என்று
அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.
பப்பாளி அங்கேயே கிடந்தது.

ஈர மண்ணில் விரலை விட்டேன்.
முதல்முறையாகக் கிழங்கு முழுசாக வந்தது,
கறுப்பாக, கொட்டைப்பாக்கில் பாதியாக.
நூலில் கோத்ததுபோல் பின்னாலேயே இன்னொன்று.
பதினொன்று எண்ணினேன்.
பன்னிரண்டாவதற்குப் போன வேர் அறுந்துபோனது.

கோர்ட் திறந்த திங்கட்கிழமை
தட்டச்சு செய்யும்போதெல்லாம் நகக்கண்ணில் அதன் வாசம்.
நன்றாகத்தான் இருந்தது.
ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.