மாதிரி எண் 41

கல்லல் பக்கத்து மேட்டுக்காட்டுக் கொள்ளு.
மஞ்சள் பையில் முடிந்து
டவுன் பஸ் நடத்துனரிடம் கொடுத்தனுப்பியிருந்தார் சாத்தையா.
உள்ளே ஒரு கிலோ, கூடவே துண்டுச்சீட்டு:
"மானாவாரி. உரம் போடலை.
சத்து எம்புட்டு இருக்குன்னு பாத்துச் சொல்லவும்."

அரைத்தேன். சலித்தேன். நிறுத்தேன்.
கந்தக அமிலத்தில் கறுத்து, நுரைத்து, பொங்கி
மூன்று மணி நேரத்தில்
சம்பை ஊற்றுத் தண்ணீராய்த் தெளிந்தது,
லேசாய்ப் பச்சை ஓட.
வடித்ததில் சொட்டுச் சொட்டாய் அமிலம் விட்டு
இளஞ்சிவப்பு தட்டிய இடத்தில் நிறுத்தினேன்.
நைட்ரஜனை ஆறேகாலால் பெருக்கினால் புரதம்.
நூற்றுக்கு இருபத்திரண்டு.
நேற்று வந்த சன்னரக வெள்ளை அரிசி
ஏழைத் தாண்டவில்லை.

இன்னொரு கிண்ணத்தில் சாம்பல்.
சாம்பலில் இரும்பு, ஏழு மில்லிகிராம் சொச்சம்.
எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு
ரசஞ்சோறு தின்னப் போனேன்.

அந்த வாரந்தான் முகாமில் ரத்தம் எடுத்தார் பிலோமினா சிஸ்டர்.
"எட்டு புள்ளி ஒன்பது. என்னதாம்மா திங்கிறே?"
இரும்பை அளக்கிற வேலை என்று சொல்ல
வாய் வரவில்லை.

கொள்ளுக்குள் இரும்பு இருப்பது நிஜம்.
அதற்குப் பூட்டு இருப்பதும் நிஜம்.
ஃபைட்டேட் என்று பாடத்தில் படித்துப் பாஸானேன்.
எனக்காகவா சேர்த்து வைத்தது விதை?
ஐப்பசியில் ஒரு மழை பெய்து
செம்மண் நெகிழ்ந்து
தன் முளை உள்ளிருந்து முட்டும்போது
அதற்கு மட்டும் திறப்பதற்கு.
அறிக்கையில் இருப்பதற்குக் கட்டம் உண்டு.
கிடைப்பதற்குக் கட்டம் இல்லை.

முப்பது நாளானால் மீதி மாதிரியைக் கழித்துவிட வேண்டும், விதி.
'கழிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு
இரண்டு கைப்பிடியை ஊறப்போட்டேன்.
மறுநாள் ஈரத்துணி.
அதற்கும் மறுநாள்
துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாய் வால்கள்.
எலுமிச்சை பிழிந்தேன்.
பதினோரு மணி டீயை வேண்டாமென்று திருப்பியனுப்பினேன்.

அப்போதுதான் போன்.
"அம்மா, அந்த இருபத்திரண்டு... நல்லதா?"
"ரொம்ப நல்லதுங்கய்யா."
"வெல கூடுமா?"

தேவகோட்டை வியாபாரி ஒரு கை அள்ளுவார்.
நிறம் பார்ப்பார், பல்லில் கடித்து ஈரம் பார்ப்பார்,
கல் இருந்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் தள்ளுவார்.
இருபத்திரண்டை அவர் எந்தத் தட்டில் வைப்பார்?
சொன்னேன், சுற்றி வளைத்து.
கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும்.
பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார் போல.
"அப்ப சரித்தா. வீட்டுக்கு நாலு மரக்கா எடுத்து வச்சுக்கிறேன்.
மிச்சத்த மாட்டுக்குத்தான் கேக்குறாக."
முளைகட்டித் தின்னுங்க என்பதற்குள்
லைன் போய்விட்டது.

கடைவாயில் ஒன்று நறுக்கென்றது.
மென்றுகொண்டே 42-ஐப் பிரித்தேன்.
கவுனி அரிசி. கண்ணாடிக் குப்பியில், தங்க எழுத்தில்
'சத்து நிறைந்தது' என்று
சோதனைக்கு முன்பே அச்சடித்திருந்தார்கள்.