கோட்டின் பெல்ட்

கதவை மூடியது நான்.
இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நெப்ராஸ்காவில் அக்டோபர். சோளம் அறுத்த வெளி
கண்ணுக்கெட்டும் மட்டும் வெறும் அடித்தாள்.
லவெர்ன் பல் மருத்துவர்; எனக்கு நான்கு மாதக் கணவர்;
அந்த நான்கு இருக்கை விமானத்துக்கு
இருபத்தாறு ஆண்டுச் சொந்தக்காரர்.
பக்கத்து ஊர் ஓடுதளத்தில் சனிக்கிழமை பான்கேக்.
முப்பது மைல்தான், கார் போதும்.
ஆனால் என்னை மேலே கூட்டிப்போக வேண்டுமாம்.

ஒரே கதவு, என் பக்கம். இழுத்துச் சாத்தினேன்.
கிளம்பி, சக்கரங்கள் வயிற்றுக்குள் மடிந்து,
வீடுகள் சோழியளவு ஆனபோது தொடங்கியது:
டக். டக்டக். டக்.
யாரோ வெளியே நின்று
உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல்.

அவர் முகம் மாறியது. வாயைத் திறக்கச் சொல்லிக்
கடைவாயை எட்டிப் பார்ப்பாரே, அந்த முகம்.
"எஞ்சின்," என்றார். "ஏதோ கழன்றிருக்கிறது. திரும்பிவிடலாம்."

திரும்பினோம்.
ஓடுதளத்துக்கு இணையாகப் போகையில், வழக்கம்போல் வாய்விட்டு:
"பெட்ரோல், சரி. அடுத்து..."
டக்டக்டக்.
"உன் பக்கமிருந்தா வருகிறது?"
ஆமாம் என்றேன். இல்லை, கீழிருந்து என்றேன்.
ஜெபமாலையில் ஒரு மணியைத் தாவிய விரல்
தாவியதை அறியாது.
"கலவை, விசிறி" என்று மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

வேகம் குறைத்தார், சத்தம் குறைந்தது.
"பார்த்தாயா, எஞ்சின்தான்!" குரலில் ஒரு வெற்றி.
அப்போது கூரைப் பக்கமிருந்து வேறொன்று கத்தியது,
பீப் பீப் என்று, விடாமல்.
"இதென்ன இன்னொன்று," என்றார் எரிச்சலாய்,
தன் குழந்தையின் பசியழுகையை
அடுத்த வீட்டில் என்று நினைப்பவர் மாதிரி.

தரை நெருங்கியும், இறங்க மனமில்லாமல் மிதந்தோம்.
"இன்றைக்குப் பஞ்சு மாதிரி வருகிறது பார்."
பிறகு விசிறி தாரைத் தொட்டது.
அந்த ஓசைக்கு என்னிடம் எழுத்து இல்லை.
வயிற்றால் தேய்த்துக்கொண்டே போய்க்
கோணலாய் நின்றோம்.

எல்லாவற்றையும் அணைத்தார். பீப் நின்றது.
வேலிக்கம்பியில் ஒரு பறவை
விட்ட இடத்திலிருந்து பாடியது.
லவெர்ன் மெல்லக் கை நீட்டி,
முனையில் குட்டிச் சக்கரம் வைத்த அந்த நெம்புகோலைக்
கீழே தள்ளினார்.
தள்ளிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

இறங்கும்போதுதான் கண்டேன்:
கதவிடுக்கில் என் கோட்டின் பெல்ட்,
வெளியே ஒரு முழம், நுனியில் பித்தளைக் கொக்கி,
கொக்கியில் விமானத்தின் வெள்ளைப் பெயின்ட்.
உருவிச் சுருட்டிப் பையில் போட்டேன்.

மெக்கானிக் இரண்டு வாரம் எஞ்சினைப் பிரித்துத் தேடினார்.
மோதி வளைந்தது உண்டு, கழன்றது எதுவுமில்லை.
காப்பீட்டுப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
லவெர்ன் ஒரே சொல் எழுதினார்: நான்.
பேனாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

இப்போது காரில், சிவப்பு விளக்கில், முணுமுணுக்கிறார்:
பெட்ரோல், சக்கரம், கலவை, விசிறி.
சக்கரத்தில் கொஞ்சம் நிற்கிறார்.
என் கை கோட்டுப் பைக்குள். கொக்கி
இன்னும் சில்லென்றிருக்கிறது.
பச்சை விழுகிறது.
"பெல்ட் போட்டாயா?" என்கிறார்.