பதினாலு

வார்சாவில் பனி விழுந்தால்
டிராம் மணி
கம்பளிக்குள் வைத்து அடித்ததுபோல் கேட்கும்.
அது ஓய்ந்து ஏழாம் நிமிடம்
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவர் வருவார்.
உள்ளே கொதிக்கும் அண்டாக்களின் ஆவியில்
மூக்குக் கண்ணாடி வெளுத்துவிடும்.
தெளியும்வரை மிதியடியிலேயே நிற்பார்,
சிக்னல் விழக் காத்திருக்கும் வண்டியைப் போல.

பிறகு ஒரே சொல்: பதினாலு.
போலிஷ் மொழியில் அது
பாதியில் அடக்கிய தும்மல் மாதிரி இருக்கும்.

தோவா அத்தைக்கு அந்த மொழியில்
எண்கள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு.
சந்தையில் பன்னிரண்டு வருஷம்
காலுறை விற்றவள்.
குளிரா என்று கேட்டால் சிரித்து வைப்பாள்,
விலை கேட்டால் இலக்கணம் பிசகாது.
ஆகவே இருவரும் எண்ணிலேயே பேசிக்கொண்டார்கள்.
பதினாலு.
இருபத்தெட்டு.
இரண்டு மீதி.
இப்படி ஆறு குளிர்காலம்.

சமையல்கட்டில் அவர் பெயரே அதுதான்.
"பதினாலு இன்னிக்கு முடி வெட்டியிருக்கு."
"பதினாலுக்கு இருமல், இஞ்சி கூடப் போடு."
சீருடைப் பையின்மேல் போகுமிவ் என்று
தைத்திருந்ததை நான் வாசித்திருக்கிறேன்.
வாசித்து என்ன, கூப்பிட்டதில்லை.

ஜனவரியில் எரிவாயு விலை ஏறியது.
புது விலைப்பட்டியல் அடிக்கும் வேலை என் தலையில்.
எல்லாவற்றுக்கும் மூன்று ஸ்வாட்டி கூட்டினேன்,
சாயம்போன இறால் படத்தை மாற்றினேன்,
அத்தை ஆசைப்பட்ட இரண்டு வகைகளை
நடுவில் செருகினேன்.
கீழே இருந்தவை இரண்டிரண்டு படி இறங்கின,
பேருந்தில் பின்னால் நகரும் கூட்டம்போல.
எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று அத்தை பல் பிடுங்கப் போயிருந்தாள்.
கல்லாவில் நான். அடுப்பில் புதுப் பையன் கியெம்.
பதினாலு, என்றார்.
பதினாலு, என்று உள்ளே கத்தினேன்.

போனது நத்தை.

தக்காளிச் சிவப்பில் எண்ணெய்க் கண்கள்,
நடுவே சுருண்டு கறுத்துப் பத்துப் பன்னிரண்டு.
கோழிக்கும் கண்ணாடிச் சேமியாவுக்கும்
தூக்கிய கரண்டி
தூக்கியபடி நின்றது.
போய்ச் சொல்லியிருக்கலாம்.
நான் கல்லாவுக்குக் கீழே
எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எட்டிப் பார்த்தபோது
ஒன்றை எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்,
தண்டவாளத்தில் என்னவோ கிடக்கிறதே
என்று பார்க்கிற பார்வை.
வாயில் போட்டார்.
மென்றார்.
இன்னும் மென்றார்.
பிறகு பூண்டுக் காடி ஜாடியைத்
தன் பக்கம் இழுத்தார்.
ஆறு வருஷத்தில் அதை அவர் தொட்டதில்லை.

முப்பத்தொன்று, என்றேன்.
எண்ணி வைத்தார். ஆனால் போகவில்லை.
காலிக் கிண்ணத்தைக் காட்டி,
"இதற்கு என்ன பெயர்?"
புன் ஓக்.
"அப்படியானால் இத்தனை நாள் நான் தின்றது?"
மியென் கா.

மியென்... கா, என்று சொல்லிப் பார்த்தார்.
தாழ வேண்டிய இடத்தில் குரல் தாழாமல்
நேராக ஓடிவிட்டது.
அப்படிச் சொன்னால் எங்கள் மொழியில்
கோழி இல்லை, ரயில் நிலையம்.
டிராம் ஓட்டுகிறவர், போகட்டும் என்று
நான் திருத்தவில்லை.

மறுநாள் அத்தை வந்துவிட்டாள்,
ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு.
என்னைத் திட்ட வாய் திறந்தாள், பஞ்சு விடவில்லை.
மணி ஓய்ந்தது. கதவு திறந்தது.
கண்ணாடி தெளியும்வரை நின்றார்.
பிறகு, படித்து வந்த பிள்ளைபோல,
மியென் நிலையம், என்றார்.

அத்தை அவர் முகத்தையே பார்த்தாள்.
என்ன நினைத்தாளோ,
சீட்டில் எழுதியது என்னவோ
பழைய பதினாலுதான்.

சீட்டை வாங்கிப் பார்த்துக்
கியெம் உள்ளிருந்து கேட்டான்:
நத்தையா, ஆளா?

ஆள், என்றாள் அத்தை, பஞ்சுக்கிடையில்.