நைட் ஹால்ட்

பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
படியில் நின்று விசில் ஊதும்போது
எதுவோ வந்து இடது கண்ணில் அடித்தது.
வண்டோ, சில்வர் ஓக் சருகோ,
பார்த்துச் சொல்ல அந்தக் கண்ணால் ஆகவில்லை.

சேலம் ஜி.ஹெச்.சில் நீல வெளிச்சம் பிடித்து
டாக்டரம்மா சொன்னார்:
"கருவிழியில ஒரு கீறல். சீழ் வெச்சிடக் கூடாது.
காலை ஆறு, பத்து, ரெண்டு, ஆறு, ராத்திரி பத்து.
ஏழு நாள்.
மூணாம் நாளே சரியாப் போன மாதிரி இருக்கும்.
அதை நம்பாதீங்க."

மூடியைத் திருகியதும் வளையம் டிக்கென்று முறிந்தது.
திறந்த தேதியை ஒரு டிக்கெட் முதுகில் எழுதி
ரப்பர் பேண்ட் போட்டுக் குப்பியில் கட்டினேன்.
இருபத்து மூணு, மூணு.
சேலத்தில் ஏறி நாகலூரில் இறங்கும் டிக்கெட்.

செங்கோடன் அண்ணன் என்னோடு பேசிப்
பதினோரு நாள் ஆகியிருந்தது.
டிப்போ மீட்டிங்கில் அவர் பேரைச் சொல்லிவிட்டேன்.
அதன் பிறகு எங்களுக்குள் விசில்தான்.
ஒன்று: நில். இரண்டு: போ.

நாகலூரில் வண்டி நின்றது.
இன்ஜின் ஆறும் சத்தம்,
எங்கிருந்தோ காப்பிப் பூ வாசம்.
முதல் சொட்டு கன்னத்தில்.
இரண்டாவது மீசையில்.
மூன்றாவதுக்குக் குப்பியைக் கண்ணோடு ஒட்டினேன்.

"டேய்."

அவ்வளவுதான். இறங்கிப் போனார்.
ஐஸ் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினார்,
நகத்தில் கிரீஸ் இருக்கிறதென்று இன்னொரு தரம் கழுவினார்.
மூன்று பேர் சீட்டில் என்னைப் படுக்க வைத்து
கீழ் இமையைச் சட்டைப்பை போல இழுத்தார்.
குப்பி மூக்கு இமையிலும் படவில்லை,
அவர் விரலிலும் படவில்லை.
ஒரே சொட்டு.

கண்ணை மூடினேன்.
மூக்கோரம் என் விரலை எடுத்து வைத்து
அழுத்தச் சொல்லி அழுத்திக் காட்டினார்.
பிறகு எண்ணினார்.
ஒண்ணு. ரெண்டு. மூணு.
பதினோரு நாள் பேசாதவர்
நூறு வரை பேசினார்.
அப்படியும் தொண்டையில் லேசாகக் கசந்தது.

மூணாம் நாள் கண் சுத்தமாக இருந்தது.
மைல் கல்லில் இருப்பதெல்லாம் படித்தேன்.
ரெண்டு மணி சொட்டைத் தவறவிடப் பார்த்தேன்.
கண்ணாடி வழியே
அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

டீக்கடை செலின் மகனை இழுத்து வந்தாள்,
கண் சிவந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டு.
"அண்ணா, அதுல ரெண்டு சொட்டு விடுங்க.
குறைஞ்சா போயிடும்?"
குறையாது.
ஆனால் என்னுடையது கீறல், பையனுக்கு என்னவோ.
சிவந்த கண்ணெல்லாம் ஒரே கண்ணா?
மாட்டேன் என்றேன்.
அன்றைக்கு என் டீயில் சர்க்கரை இல்லை.

மறுநாள் காலை டிரிப்பில்
இருவரையும் ஏற்றிக்கொண்டோம்.
ஏற்காடு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாப் கிடையாது.
நான் ஒற்றை விசில் ஊதுவதற்குள்
வண்டி நின்றிருந்தது.
ஜெனித்துக்குக் கிடைத்தது வேறு மருந்து,
வேறு நிற மூடி.
பூ வாசமே அவனுக்கு ஆகவில்லையாம்.

ஏழாம் நாள் ராத்திரி பத்து மணி.
இதற்குள் நானே விடப் பழகியிருந்தேன்.
சொல்லவில்லை.
படுத்துக்கொண்டேன்.
எண்பதுக்கு மேல் மெதுவாக எண்ணினார்,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

மிச்சம் பாதிக் குப்பி.
"டேஷ்போர்டுல கெடக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு ஆகும்"
என்று கையை நீட்டினார்.
போன வருஷத்துக் குப்பி ஒன்று
அங்கே ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தது.
இரண்டையும் எடுத்துக் குப்பையில் போட்டேன்.
தேதி எழுதிய டிக்கெட்டோடு.

முகம் திருப்பிக்கொண்டார்.
சரி, மறுபடி பதினோரு நாள் என்று நினைத்தேன்.

காலையில் மலை இறங்கும்போது
பதினாலாவது வளைவில்
விசிலை வாயில் வைக்கப் போனேன்.
ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்,
"படியில நிக்காத," என்றார்.