ஆர். மெஹ்ரா, 47

மூன்று நாளாக மூடிக்கிடந்த மேகம்
போட்டோ எடுக்கிற அன்று பார்த்து விலகியது.
கோத்தகிரி வெயில் அப்படித்தான்,
கூப்பிடாத நேரத்தில் வாசலில் நிற்கும்.

பத்தாம் வகுப்பு ஆ பிரிவு.
குட்டையானவர்கள் பெஞ்சில், நெட்டையானவர்கள் பின்னால்,
நடுவில் நான்.
"ஆளுக்கொரு கலர்ல ஸ்வெட்டர். நல்லாவா இருக்கு?
எல்லாரும் கழட்டுங்க" என்றார் எஸ்தர் மிஸ்.

ஜூனிலிருந்து நான் அதைக் கழற்றியதில்லை.
காலர் மட்டும் வெளியே தெரிந்தால் போதும்,
உள்ளே ஒரு முழுச்சட்டை இருப்பதாக எல்லோரும் நம்பிவிடுவார்கள்.
அம்மாவும் காலரை மட்டும்தான் தேய்ப்பாள்,
சொம்பில் வெந்நீர் ஊற்றி, அதன் அடிப்பக்கத்தால்.

கையைத் தூக்கி இழுத்தேன்.
ஸ்வெட்டரோடு சட்டையும் மேலே வந்தது.
ஏதோ ஒரு பொத்தான் கம்பளி இழையில் மாட்டிக்கொள்ள
தலை உள்ளே, வயிறு வெளியே,
இரண்டு கையும் ஆகாயத்தில்.
சுடாதே என்று சொல்பவன் மாதிரி நின்றேன்.

உள்ளே விறகுப்புகை வாசம்.
நேற்றைய கருவாடும் கொஞ்சம்.
வெளியே முதலில் ஒரே ஒரு சிரிப்பு.
பிறகு இன்னொன்று.
பிறகு மதகு திறந்துவிட்டது.
நான் கண்ணை மூடவில்லை.
கம்பளிக் கண்ணிகள் வழியே வெயில்
பொடிப்பொடியாக வந்துகொண்டிருந்தது.
இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது,
பரீட்சை முடியும் வரை,
முடிந்தால் அதற்கப்புறமும்.

நஞ்சுண்டன் உதவத்தான் வந்தான்.
அதை இன்றைக்கும் சொல்வேன்.
பொத்தானை விடுவிக்கக் காலரைப் புரட்டியவன்
அங்கே சிவப்பு நூலில் தைத்திருந்ததை
எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தான்:
"ஆர். மெஹ்ரா. நாற்பத்தேழு."

ஊட்டி விடுதிப் பிள்ளைகள்
வருஷக் கடைசியில் விட்டுப்போகிற துணிகள்
சந்தையில் தார்ப்பாய் மேல் குவிந்து கிடக்கும்.
சட்டை பதினைந்து ரூபாய்.
பெயரைப் பிரிக்க அம்மா ஒருநாள் பிளேடோடு உட்கார்ந்தாள்,
துணி நைந்திருக்கிறது, கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.
உள்ளேதானே. யார் பார்க்கப்போகிறார்கள்.

படத்தில் என் தலைமுடி மட்டும்
நட்டுக்கொண்டு நிற்கிறது.

சாயங்காலத்துக்குள் நான் மெஹ்ரா ஆகிவிட்டேன்.
அட்டெண்டன்ஸில் "லோகசிகாமணி" என்று கூப்பிட்டால்
பின் பெஞ்சிலிருந்து "மெஹ்ரா வந்திருக்கான் சார்".
பம்பாயில் எங்களுக்குச் சொந்தம் இருக்கிறது என்றேன்.
அது இன்னும் மோசமாகப் போயிற்று.
பஸ்ஸை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி நடந்தேன் ஒரு வாரம்,
அட்டைக்கடி வாங்கிக்கொண்டு.
அட்டை பரவாயில்லை. கடித்துவிட்டுப் பேசாமல் விழுந்துவிடும்.

தூக்கம் வராத ஒரு ராத்திரி
சட்டையை விளக்கடியில் விரித்தேன்.
மூன்றாவது பொத்தானில் பல்லின் தடம்.
வலது கையின் பட்டி ஓரம் முழுக்க மென்றது.
பைக்கு அடியில் ஒரு மைக்கறை,
துவைத்துத் துவைத்து ஊதாவாகிப் போனது.
எதுவும் நான் செய்ததில்லை.

நாற்பத்தேழாம் கட்டிலில், விளக்கணைத்த பிறகு,
ஒருவன் கைப்பட்டியைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.
அவனை எதற்குச் சிரித்தார்களோ.
குழாயடியில் தனியாக நின்று
கறையைத் தேய்த்திருப்பான்.
போயிருக்காது. பெரிதாகியிருக்கும்.
தேய்க்கத் தேய்க்கப் பெரிதாகும், எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கணக்கு வகுப்பில்
"டேய் மெஹ்ரா, காம்பஸ் குடு" என்றான் நஞ்சுண்டன்.
கொடுத்தேன்.
வலிக்காமல் இல்லை.
அந்தப் பையனுக்காக யாராவது ஒருத்தர்
"என்னடா" என்று கேட்க வேண்டாமா?
"என்னடா" என்றேன்.
அவனுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.
பென்சிலையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

மற்றவர்கள் மார்ச்சுக்குள் மறந்துபோனார்கள்.
கட்டபெட்டுப் பக்கம் கேரட் லாரி ஏற்றுகிற நஞ்சுண்டன் மட்டும்
இன்னும் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறான்.
நான் உடனே திரும்புவதில்லை.
ஒரு நொடி விடுகிறேன்,
அவன் முதலில் திரும்பட்டும் என்று.